நவீன வீட்டுக்கு ஒரு கணப்பு: புகை போகும் வழியிலிருந்து தொடங்குங்கள்

வீட்டுக்குக் கணப்பு, அதாவது குளிர்காயத் தீ எரியும் இடம், தேடுகிறவர்கள் பெரும்பாலும் கையில் ஒரு படத்தோடுதான் தொடங்குகிறார்கள். வெள்ளைச் சுவர். அதில் இரண்டு மீட்டர் நீளத்துக்கு ஒரு மெல்லிய பிளவு. பிளவு முழுக்க ஒரே சீராக நிற்கும் தீ. சுற்றிலும் சட்டம் இல்லை, கம்பி இல்லை, சாம்பல் இல்லை. புகைபோக்கியும் எங்கேயும் கண்ணில் படுவதில்லை. அந்தப் படத்தைக் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்று சொல்லும்போது, திரும்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உங்கள் வீட்டில் புகை எந்த வழியாக வெளியே போகும்?

இதற்குப் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்த மாதிரி. எந்த எரிபொருள், எந்தச் சுவர், எவ்வளவு அகலம், சுற்றிலும் மரப்பலகை வைக்கலாமா, மேலே டிவி மாட்டலாமா என்று நாம் அழகைப் பற்றிக் கேட்கும் எல்லாக் கேள்விகளும் அந்த ஒரு பதிலில்தான் போய் நிற்கின்றன. அழகை முதலில் முடிவு செய்துவிட்டுப் புகைக்கு அப்புறம் வழி தேடுகிறவர்கள்தான் பணத்தையும் இழந்து, பிடித்த வடிவத்தையும் இழக்கிறார்கள். அதனால் நாம் குழாயிலிருந்தே தொடங்கலாம்.

புகை ஏன் மேலே போகிறது?

காற்று சூடானால் விரியும், விரிந்தால் எடை குறையும். 20 டிகிரி வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று சுமார் 1.2 கிலோ இருக்கும். அதே காற்று 200 டிகிரிக்குப் போனால் முக்கால் கிலோதான். புகைபோக்கிக்குள் இப்படி எடை குறைந்த காற்று மேலே ஏற, அது விட்ட இடத்தை நிரப்ப அறையின் காற்று தீயை நோக்கி வரும். இதைத்தான் இழுப்பு என்கிறோம். புகைபோக்கி உயரமாக இருந்தால் இழுப்பு கூடும். உள்ளே சூடு தங்கினாலும் கூடும். வீட்டின் நடுவே எழும் புகைபோக்கி நன்றாக இழுப்பதும், வெளிச்சுவரை ஒட்டிக் குளிரில் நிற்பது தீ மூட்டியதும் கொஞ்ச நேரம் அறைக்குள்ளேயே புகையைத் தள்ளுவதும் இதனால்தான்.

பழைய பாணித் திறந்த கணப்பின் குறையும் இதே இழுப்பில்தான் இருக்கிறது. அது தீக்குத் தேவையானதைவிடப் பல மடங்கு காற்றை அறையிலிருந்து உறிஞ்சி மேலே அனுப்பிவிடுகிறது. நாம் ஏற்கெனவே சூடாக்கி வைத்த காற்றும் அதோடு சேர்ந்து போய்விடும். விறகில் உள்ள வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அறையில் மிஞ்சுகிறது. தீயின் எதிரே உட்கார்ந்தால் முகம் சுடும், முதுகு குளிரும். 1790களில் வெப்பத்தை ஆராய்ந்த விஞ்ஞானி கவுன்ட் ரம்ஃபோர்ட் இதைக் கவனித்துத்தான் லண்டன் வீடுகளின் கணப்புகளை மாற்றிக் கட்டச் சொன்னார். எரியறையின் ஆழத்தைக் குறைத்தார், பக்கச் சுவர்களைச் சாய்த்து வெப்பம் அறைப்பக்கம் திரும்பும்படி செய்தார், புகை நுழையும் தொண்டையை ஒடுக்கினார். இன்றும் விறகுக் கணப்பை நன்றாகக் கட்டத் தெரிந்தவர்கள் அந்த வடிவத்தை ரம்ஃபோர்ட் என்றே சொல்கிறார்கள்.

நவீன வீட்டில் இன்னொரு சிக்கல் உண்டு. பழைய வீடுகளில் கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாகக் காற்று தானாக வந்துகொண்டிருக்கும். புதிய வீடுகளை வெப்பம் வீணாகாதபடி இறுக அடைத்துக் கட்டுகிறோம். அதற்குள் சமையலறையின் புகை உறிஞ்சியையும் குளியலறை மின்விசிறியையும் ஓடவிட்டால் வீட்டுக்குள் காற்றழுத்தம் குறைந்துவிடும். வெளிக்காற்று உள்ளே வர எது எளிதான வழியோ அதில் வரும். அந்த எளிதான வழி உங்கள் புகைபோக்கியாகவும் இருக்கலாம். சமையலறையில் ஒருவர் பொத்தானை அழுத்தினால் கூடத்தில் புகை திரும்பி வருவது இப்படித்தான். இதற்குத் தீர்வு, தீக்கு வேண்டிய காற்றை வெளியிலிருந்து தனிக் குழாயில் நேராகக் கொடுத்து, முன்பக்கத்தைக் கண்ணாடியால் மூடிவிடுவது. இறுக்கமாகக் கட்டிய வீட்டில் திறந்த விறகுக் கணப்பு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

விறகு

விறகின் அழகுக்கு ஈடு கிடையாது. வெடிக்கும் சத்தம், மணம், ஒரு கட்டை சரிந்து கங்கு சிதறும் நொடி இவற்றை வேறு எதிலும் பெற முடியாது. கண்ணாடிக் கதவு போட்ட எரியறையாகவோ, தனியாக நிற்கும் இரும்பு அடுப்பாகவோ வாங்கினால் விறகின் வெப்பத்தில் 70 முதல் 80 சதவீதம் வரை அறைக்குக் கிடைக்கும். திறந்த கணப்போடு ஒப்பிட்டால் இது வேறு உலகம்.

ஆனால் இது உழைப்பு கேட்கும். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். புதிதாக வெட்டிய மரத்தில் எடையில் பாதியளவுகூடத் தண்ணீர் இருக்கும். பிளந்து, மழை படாமல், காற்றோட்டமாக அடுக்கி வைத்தாலும் அது காய ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை ஆகும். ஈர விறகைப் போட்டால் தீயின் வெப்பம் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், புகை குளிர்ந்து குழாயின் உள்சுவரில் கிரியோசோட் என்ற தார் போன்ற படிவாகப் பிடிக்கும். அது எரியக்கூடியது. ஒரு நாள் அதில் தீப்பற்றினால் புகைபோக்கி முழுக்க எரியும். எனவே ஆண்டுக்கு ஒரு முறை குழாயைச் சுத்தம் செய்து பார்ப்பது தவிர்க்க முடியாத வேலை. ஊசி போலக் குத்தி ஈரத்தைக் காட்டும் சிறிய கருவி ஒன்று விற்கிறது, விறகு எரிக்கிற எல்லோரும் அதை வாங்க வேண்டும்.

புகைபோக்கியும் கூரைக்கு மேலே போதிய உயரம் எழ வேண்டும். அமெரிக்கக் கட்டட விதிப்படி, கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி, அதோடு 10 அடி தூரத்துக்குள் கட்டடத்தின் எந்தப் பகுதி இருந்தாலும் அதைவிட 2 அடி கூடுதல் உயரம். மேல்மாடிக்காரர் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் இதற்கு வழியே இருக்காது. அங்கே விறகைப் பற்றிய பேச்சு இத்தோடு முடிந்தது.

ஊர் விதிகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். விறகுப் புகையில் நுண்துகள்கள் அதிகம். கனடாவின் மான்ட்ரியலில் 2018 அக்டோபர் முதல், மணிக்கு 2.5 கிராமுக்கு மேல் நுண்துகள் வெளியிடும் விறகுக் கருவிகளைப் பயன்படுத்தக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2022 ஜனவரி முதல் புதிய விறகு அடுப்புகளுக்குக் கடுமையான அளவுகோல்கள் உள்ளன. படத்தில் இருக்கும் பழைய அழகான அடுப்பை உங்கள் ஊரில் பொருத்தவே அனுமதி கிடைக்காமல் போகலாம்.

எரிவாயு

முதலில் சொன்ன அந்தப் படத்துக்கு வருவோம். அதில் இருப்பது பெரும்பாலும் எரிவாயுக் கணப்பாகத்தான் இருக்கும். ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய் வைத்த அமைப்பு அது. உள்குழாய் வழியாக எரிந்த வாயு வெளியே போகும், வெளிக்குழாய் வழியாகப் புதுக்காற்று உள்ளே வரும். முன்னால் கண்ணாடி முழுக்க அடைத்திருக்கும். தீ அறையின் காற்றைத் தொடுவதே இல்லை. புகை உறிஞ்சி எவ்வளவு வேகமாக ஓடினாலும் கவலை இல்லை. உயரமான புகைபோக்கியும் தேவையில்லை, பக்கச் சுவர் வழியாகவே குழாயை வெளியே கொண்டுபோய்விடலாம். அந்தப் படத்தில் புகைபோக்கி கண்ணில் படாததன் ரகசியம் இதுதான். அதனால் அந்த நீளப் பிளவுத் தீயை வெளிச்சுவரிலோ, அதற்கு அருகிலோ வைப்பதுதான் சுலபம். வீட்டின் நடுச்சுவரில் வேண்டுமென்றால் குழாய் போகும் பாதையைக் கட்டும்போதே திட்டமிட வேண்டும். எத்தனை வளைவு, எவ்வளவு நீளம் என்பதற்கு ஒவ்வொரு கருவிக்கும் தயாரிப்பாளர் வைத்த வரம்பு உண்டு.

புகைக்குழாயே இல்லாத எரிவாயுக் கணப்புகளும் சில நாடுகளில் விற்கின்றன. நான் இவற்றைப் பரிந்துரைக்க மாட்டேன். எரிவாயு எரிந்தால் கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகும். 5 கிலோவாட் கருவி ஒன்று இரண்டு மணி நேரம் எரிந்தால் சுமார் ஒன்றரை லிட்டர் தண்ணீரை ஆவியாக அறைக்குள் விடும். அது குளிர்ந்த ஜன்னலில் வழியும், சுவர் மூலையில் பூஞ்சையாக முளைக்கும். எரிதல் சரியாக நடக்காத நாளில் கார்பன் மோனாக்சைடும் அதே அறைக்குள்தான் வரும்.

எத்தனால்

புகைபோக்கி வேண்டாம், குழாய் வேண்டாம், மேசைமேல்கூட வைக்கலாம் என்று விளம்பரம் செய்வது பயோ எத்தனால் கணப்பைத்தான். தீ உண்மையானது, வடிவங்களும் மிக அழகு. புகையும் சாம்பலும் இல்லை என்பதும் சரிதான். ஆனால் எரிவது எரிவதுதான்: ஒரு லிட்டர் எத்தனால் எரிந்தால் ஏறக்குறைய 900 மில்லி தண்ணீர் ஆவியாக அறையில் சேரும், கரியமில வாயுவும் சேரும், ஆக்சிஜன் குறையும். சின்ன மூடிய அறைக்கு இது பொருந்தாது.

பெரிய ஆபத்து எரிபொருள் ஊற்றும்போது வரும். எத்தனாலின் சுவாலை வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து, சூடாறாத பாத்திரத்தில் மறுபடி ஊற்றினால் ஆவி சட்டென்று பற்றி, தீ ஊற்றுகிறவரின் கையில் உள்ள கலனுக்கே தாவும். பலருக்குக் கடுமையான தீக்காயம் ஏற்பட்டது இப்படித்தான். முழுக்கக் குளிரும்வரை ஊற்றவே கூடாது. இந்த ஒரு விதியை வீட்டில் எல்லோரும் கடைப்பிடிப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் இதை விட்டுவிடுங்கள்.

மின்சாரம்

இதைப் பொய்த் தீ என்று சொல்லி ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் அப்படி ஒதுக்க மாட்டேன். எல்இடி விளக்கும் திரையும் சேர்ந்து தீயைக் காட்டும், தனியாக உள்ள வெப்பக்கம்பியும் விசிறியும் சூடு தரும். சில வகைகள் மீயொலி அதிர்வால் தண்ணீரை மெல்லிய பனியாக்கி, அதில் கீழிருந்து வெளிச்சம் பாய்ச்சுகின்றன. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் தீயும் புகையும் போலவே இருக்கும். வெப்பத்தை அணைத்துவிட்டுத் தீயை மட்டும் ஓடவிடலாம், வெயில் நாளிலும் அழகு கிடைக்கும்.

இதில் புகையே இல்லை, அதனால் வைக்கும் இடத்துக்குத் தடை மிகக் குறைவு. அடுக்குமாடி, வாடகை வீடு, நடுச்சுவர், படுக்கையறை என எங்கும் வைக்கலாம். வெப்பம் மட்டும் அளவானது, வழக்கமாக 1.5 முதல் 2 கிலோவாட். ஒரு நடுத்தர அறையின் குளிரை ஓரளவு தணிக்கும், பெரிய கூடத்தைச் சூடாக்காது. இதற்கென்று தனி மின்இணைப்பு போட்டுவிடுங்கள், நீட்டிப்புக் கம்பியில் செருக வேண்டாம்.

எவ்வளவு பெரிது?

பெரிதாக வாங்கினால் நல்லது என்று தோன்றும். நடைமுறையில் தலைகீழ். ஓரளவு வெப்பக்காப்புள்ள அறைக்கு 14 கனமீட்டருக்கு 1 கிலோவாட் என்பது பரவலாகப் பயன்படும் தோராயக் கணக்கு. 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள அறை 60 கனமீட்டர், அதற்கு 4 கிலோவாட்டுக்குச் சற்று மேல் போதும். நல்ல வெப்பக்காப்பு உள்ள புது வீட்டில் அதைவிடக் குறைவே போதும். அங்கே 10 கிலோவாட் விறகு அடுப்பை வைத்தால் அரை மணியில் வியர்த்துவிடும். உடனே காற்றைக் குறைத்துத் தீயை அமுக்குவார்கள். அமுங்கிய தீ புகைந்துகொண்டே இருக்கும், கண்ணாடி கறுக்கும், குழாயில் கிரியோசோட் படியும். அளவு தவறினால் அழகும் போகிறது, பாதுகாப்பும் போகிறது.

பார்வைக்கு அகலமான தீ வேண்டும், வெப்பம் அவ்வளவு வேண்டாம் என்றால் எரிவாயுவில் சுவாலையைக் குறைத்து வைக்கும் வசதி உள்ள வகையைத் தேடுங்கள். மின்சாரத்தில் இந்தக் கவலையே இல்லை.

எங்கே வைப்பது?

லத்தீனில் ஃபோகஸ் என்றால் கணப்பு. 1604ல் வானியல் அறிஞர் கெப்ளர் அந்தச் சொல்லைத்தான் ஒளி குவியும் புள்ளிக்குப் பெயராக எடுத்துக்கொண்டார். அறையில் ஆட்களையும் கண்களையும் குவியவைக்கும் இடம் எது என்று யோசிக்கும்போது இதை நினைத்துக்கொள்வேன். நாற்காலிகள் தானாகத் திரும்பும் திசையில் கணப்பு இருந்தால் அறை அமைந்துவிடும். நடைபாதைக்குக் குறுக்கே இருந்தால் எவ்வளவு விலை கொடுத்தாலும் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

சிகாகோவில் 1910ல் முடிந்த ராபி இல்லத்தில் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் கணப்பைக் கூடத்துக்கும் உணவறைக்கும் நடுவே நிறுத்தினார். சாதாரணமாக அப்படி நிறுத்தினால் புகைபோக்கி இரு அறைகளையும் சுவர் போல மறைத்துவிடும். அவர் புகைக்குழாய்களை இரு பக்கமும் ஒதுக்கிவிட்டு, தீக்கு மேலே நடுவில் திறப்பு விட்டார். ஒரு அறையிலிருந்து பார்த்தால் அதன் வழியே அடுத்த அறையின் கூரை தெரியும். குழாயின் பாதையை யோசித்ததால் பிறந்த அழகு அது.

டிவியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விறகு, எரிவாயுக் கணப்புக்கு நேர் மேலே டிவி மாட்டினால் சூடு அதன் ஆயுளைக் குறைக்கும், பார்க்கிறவர் கழுத்தையும் நிமிர்த்தியே வைக்க வேண்டும். இரண்டையும் ஒரே சுவரில் பக்கம் பக்கமாக வைப்பது எனக்குப் பிடித்த தீர்வு. மேலேதான் வேண்டும் என்றால், வெப்பக் காற்றை முன்பக்கம் கீழ்நோக்கி விடும் மின்கணப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுற்றிலும் என்ன பொருள்?

எரியும் கணப்பின் அருகில் மரம் வைக்கத் தூரக் கணக்கு உண்டு. கட்டிய விறகுக் கணப்பின் வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக் கூடாது என்பது அமெரிக்க விதி. தீவாய்க்கு மேல் மேன்டல் என்ற அலங்காரப் பலகை ஒன்றரை அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தால் 12 அங்குலம் தள்ளி இருக்க வேண்டும். முன்னால் தரையில் 16 அங்குலமாவது கல்தளம் வேண்டும், வாய் பெரிதானால் 20. உங்கள் நாட்டு விதியும் வாங்கும் கருவியின் கையேடும் சொல்வதுதான் இறுதி. மரம் உடனே பற்றாவிட்டாலும், ஆண்டுக்கணக்கில் சூடு பட்டுப்பட்டு முன்பைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பற்றும் நிலைக்கு வந்துவிடும். "இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே" என்பது இங்கே செல்லாது.

கல்லில் எனக்கு மிகப் பிடித்தது மாக்கல். தொட்டால் வழவழப்பு, சாம்பல் நிறம், வெப்பத்தை வாங்கி வைத்துத் தீ அணைந்தபின் மணிக்கணக்கில் மெல்ல விடும். பின்லாந்தில் முழு அடுப்பையே இதில் செய்கிறார்கள். சலவைக்கல் அழகுதான், ஆனால் வெளிர் நிறச் சலவைக்கல்லில் புகைக்கறை ஊறினால் எடுப்பது கடினம், விறகுக்கு அது தோதில்லை. கருங்கல்லும் செங்கல்லும் கவலையில்லாதவை. வெள்ளைச் சுவரில் சட்டமில்லாத தோற்றம் வேண்டுமென்றால், தீயைச் சுற்றி உள்ளே சாதாரண ஜிப்சம் பலகைக்குப் பதிலாக எரியாத சிமென்ட் பலகை போட்டு மேலே பூச வேண்டும். எரியறையின் உள்பக்கம் கறுப்பாக இருந்தால் சுவாலையை நன்றாக எடுத்துக்காட்டும். இதற்குக் கூடுதல் செலவு பெரிதாக இல்லை, பலன் பெரிது.

கண்ணாடியைத் தொடக் கூடாது என்பது குழந்தைக்குத் தெரியாது. எரிவாயுக் கணப்பின் கண்ணாடி தோலைப் பொசுக்கும் அளவுக்குச் சூடாகும், அணைத்த பின்னும் வெகுநேரம் சூடாகவே இருக்கும். அமெரிக்காவில் 2015 முதல் இப்படிச் சூடேறும் கண்ணாடிகளோடு தடுப்புவலையும் சேர்ந்தே வருகிறது. தோற்றம் கெடுகிறது என்று அதைக் கழற்றி வைக்காதீர்கள். எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்று அவசியம், அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. விறகுச் சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் வெளியே வையுங்கள், சாம்பலுக்குள் கங்கு நாட்கணக்கில் உயிரோடு இருக்கும்.

புகைக்குழாயை ஒளித்து வைக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. 1968ல் பிரான்ஸில் டொமினிக் அம்பேர் வடிவமைத்த ஜைரோஃபோகஸ் என்ற கணப்பு, கூரையிலிருந்து இறங்கும் கறுப்புக் குழாயின் முனையில் தொங்கும் ஒரு கிண்ணம். அறையின் எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் தீயைத் திருப்பலாம். அதில் குழாய்தான் சிற்பம்.

வீட்டில் ஏற்கெனவே புகைபோக்கி இருந்தால், கடைக்குப் போகும் முன் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். ஜன்னல்களை மூடுங்கள். சமையலறை உறிஞ்சியை முழு வேகத்தில் ஓடவிடுங்கள். புகைபோக்கியை மூடும் தடுப்புத் தகட்டைத் திறந்து, ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி அணைத்து அதன் புகையைக் கணப்பின் வாயருகே பிடியுங்கள். புகை மேலே போனால் விறகு அடுப்புப் பட்டியலைத் திறக்கலாம். உங்கள் முகத்தை நோக்கி வந்தால், வெளிக்காற்றுக் குழாயோடு வரும் கண்ணாடி அடைத்த வகைகளை மட்டும் பாருங்கள்.